கக்கூஸ் இல்லாத வரவேற்பறை

1

மே மாதக் கடைசியில் எங்கள் கடிதப் பெட்டிக்குள் நகரசபையின் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடந்தது. வழவழப்பான தாள். முன்பக்கத்தில் நகரத்தின் நடுவே இருக்கும் சதுக்கத்தின் படம். புதிதாக நட்ட மரங்கள், நிலத்திலிருந்து பீறிட்டு எழும் தண்ணீர், அதற்குள் சட்டை நனைய ஓடித் திரியும் பிள்ளைகள். மேலே கொட்டை எழுத்தில், "உங்கள் நகரத்தின் வரவேற்பறைக்கு ஒரு வயது. வாருங்கள், கொண்டாடுவோம்" என்று போட்டிருந்தார்கள்.

நான் அதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் என்றால் என் கணவர். யன்னலோரக் கதிரையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"என்னது, வரவேற்பறையோ?"

"ஓம். அப்பிடித்தான் போட்டிருக்கு."

"வரவேற்பறை கட்டினவை கக்கூஸ் கட்ட மறந்து போச்சினமாக்கும். எந்த மேசன் கட்டின வீடப்பா உது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மறுபடி யன்னலுக்குத் திரும்பியதும் அது நின்றுவிட்டது. குளிர்காலம் முழுவதும் அவர் அந்தக் கதிரையில்தான் இருந்தார். இப்போது வெயில் வந்த பிறகும் அதே கதிரை.

நான் எழுத்தாளர் இல்லை. உரும்பிராயில் பிறந்து, சாதாரண தரம் வரை படித்து, கலியாணம் கட்டி ஜேர்மனிக்கு வந்தவள். இங்கே ஒரு நடுத்தர நகரத்தில், பாடசாலைச் சமையலறையில் வேலை. நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை, எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் இருப்பவர்கள் வெளிநாடு என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். ஒழுங்குதான். அந்த ஒழுங்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். விஷயம் கொஞ்சம் கூச்சமானது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

சதுக்கம் முன்பு இப்படி இருக்கவில்லை. நடுவில் கார்கள் நிற்கும். ஓரத்தில் பஸ் தரிப்பிடம், அதற்குப் பின்னால் செங்கல்லில் கட்டிய சிறிய மலசலகூடம். வாசலில் ஒரு மனுசி கதிரை போட்டு இருப்பா. உள்ளே போய்வருபவர்கள் தட்டில் சில்லறை போடுவார்கள். அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். பின்பக்கத்தில் குடிகாரர்கள் நிற்பார்கள், சுவரெல்லாம் கிறுக்கல். ஆனால் திறந்திருக்கும்.

இவருக்குச் சீனி வருத்தம். இருதயமும் பலவீனம், கால் வீங்காமல் இருக்க, உடம்பு நீரை வெளியேற்றும் தண்ணிக் குளிசை போடுகிறார். அந்தக் குளிசை போட்டால் அடிக்கடி போகவேண்டி வரும். அடக்கவும் முடியாது. வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம், காலைச் சாப்பாடு முடிய பஸ் ஏறிச் சதுக்கத்துக்குப் போவதுதான். அங்கே பருத்தித்துறைக் குணம் அண்ணை வருவார். இரண்டு பேரும் ஒரு நீள வாங்குப் பலகையில் இருந்து ஊர், உலகம், மற்றவர் வீட்டுக் கலியாணம் எல்லாம் கதைப்பார்கள். மத்தியானம் பசியோடு வீட்டுக்கு வருவார். அந்தப் பசிக்காகவே நான் அவரை அனுப்புவேன்.

பிறகு நகரசபை நகரத்தின் நடுப்பகுதியை மனிதர் வாழத் தகுந்த இடமாக மாற்றப் போவதாகச் சொன்னது. கார் வேண்டாம், மரம் வேண்டும், நிழல் வேண்டும், இருந்து கதைக்க இடம் வேண்டும். நல்ல எண்ணம்தான். அதில் எனக்குக் குறை இல்லை. மக்களிடம் கேட்டுத்தான் செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மகள் தர்சினி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் இங்கே பிறந்தவள், காப்புறுதிக் கொம்பனியில் வேலை, இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்கு ஆர்வம்.

மண்டபத்தில் பெரிய பலகைகளில் படங்கள் ஒட்டியிருந்தன. மரம், நீர்த்தாரை, சைக்கிள் நிறுத்துமிடம், ஊஞ்சல், பூச்சாடி. எல்லோருக்கும் பச்சை நிறத்தில் வட்ட ஒட்டிகள் தந்து, உங்களுக்கு விருப்பமான படத்தில் ஒட்டுங்கள் என்றார்கள். தர்சினி சைக்கிளில் ஒட்டினாள். நான் மரத்தில் ஒட்டினேன். மரம் யாருக்குத்தான் வேண்டாம்? எங்களுக்குப் பின்னால் நின்ற கிழவர்கள், கிழவிகள் எல்லோரும் மரத்திலும் வாங்கிலும் ஒட்டினார்கள். மலசலகூடத்தின் படம் எந்தப் பலகையிலும் இல்லை. இருப்பதை எடுக்கப் போகிறார்கள் என்றும் எங்கேயும் போட்டிருக்கவில்லை. பலகையில் இல்லாத படத்தில் எப்படி ஒட்டுவது?

வேலை தொடங்கியதும் முதலில் உடைத்தது அந்தச் செங்கல் கட்டடத்தைத்தான்.

3

இதற்கு ஏன் இவ்வளவு கதை என்று நினைப்பீர்கள். உரும்பிராயிலிருந்து பட்டணத்துக்குப் போய்வந்த பெண்கள் நினைக்க மாட்டார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது தீபாவளிக்கு முதல் அம்மா எங்களைத் துணி எடுக்கப் பட்டணத்துக்குக் கூட்டிப் போவா. அன்று காலையில் அம்மாவின் முதல் பேச்சு, "பொம்பிளைப் பிள்ளையள் தேத்தண்ணி குடியாதையுங்கோ. பட்டணம் போறம்" என்பதுதான். புட்டை விக்கலெடுக்க விழுங்கிவிட்டு பஸ் ஏறுவோம். கடை கடையாக ஏறி இறங்குவோம். வெயில் உச்சிக்கு வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். திரும்பும் வழியில் ஒரு குளிர்பானக் கடை. அம்மா தம்பிக்கு மட்டும் சர்பத் வாங்கிக் கொடுப்பா. நானும் தங்கச்சியும் கண்ணாடிக் குவளைக்குள் ஐஸ் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

"அவனுக்கு மட்டும் ஏனம்மா?" என்று தங்கச்சி சாந்தி ஒருநாள் அழுதாள்.

"அவன் ஆம்பிளைப் பிள்ளை. அவனுக்கு எங்கையும் ஒரு மதில் கிடைக்கும்" என்றா அம்மா.

பெண்கள் போகத்தக்க இடம் அன்று பட்டணத்தில் எங்கும் இருக்கவில்லை. இருந்ததற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டும் நுழைய முடியாது. ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். தண்ணீர் குடிக்காமல் விடுவது பெண்களுக்குள் ஒருவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கமாக இருந்தது. தலை பின்னுவது போல, கோலம் போடுவது போல.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் பிடித்தது எது என்று கேட்டால், மற்றவர்கள் பனி என்பார்கள், ரயில் என்பார்கள். எனக்குப் பிடித்தது ரயில் நிலையத்தில் பெண்ணின் உருவம் வரைந்த ஒரு கதவு. தள்ளினேன், திறந்தது. உள்ளே சுத்தம், தண்ணீர், தாழ்ப்பாள். வெளியே வந்து குழாயில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். கலியாணம் கட்டிய புதிதில் பட்டணம் போன கதையையும் இந்தக் கதவின் கதையையும் இவருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

4

உடைத்த மலசலகூடத்துக்குப் பதிலாக நகரசபை ஒரு ஒழுங்கு செய்தது. சதுக்கத்தைச் சுற்றியுள்ள கோப்பிக்கடைகள் சில, தங்கள் மலசலகூடத்தை எல்லோரும் பாவிக்கலாம் என்று ஒப்புக்கொண்டன. அதற்காக நகரசபை கடைக்காரருக்கு ஏதோ கொடுக்கிறது. அந்தக் கடைகளின் கதவில் சிரிக்கும் முகம் போட்ட ஒட்டி ஒன்று இருக்கும். அதைப் பார்த்து உள்ளே போகலாம், ஒன்றும் வாங்கத் தேவையில்லை. தாளில் வாசிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இவர் முதல் நாள் போனார். வாசலில் நின்ற பெட்டை, "எத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறாள். இவர் ஒருவர் என்றார். அவள் மேசை காட்டினாள், இவர் இருந்தார். பிறகு எழும்பி, "நான் இதுக்குத்தான் வந்தனான்" என்று சொல்ல வாய் வருமா? கோப்பி ஒன்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். ஒருவர் வீட்டுப் படலையைத் திறந்து, அவர்களோடு ஒரு வார்த்தை கதைக்காமல் கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வர எங்களால் முடியாது. கடை என்றாலும் அது ஒருவருடைய இடம்.

குடித்த கோப்பி கொஞ்ச நேரத்தில் வேலை காட்டியது. மறுபடி எழும்பினார், இந்த முறை அடுத்த கடை, அங்கேயும் கோப்பி. குணம் அண்ணை இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"மூத்திரம் பெய்யக் கோப்பி குடிக்கிறது, கோப்பி குடிச்சதாலை மூத்திரம் பெய்யிறது. பிறவிச் சுழற்சி எண்டது உதுதானடா. உனக்கு மோட்சமே இல்லை."

"நீ என்ன செய்யிறாய்?" என்று இவர் கேட்டாராம்.

"என்ரை வீடு உந்தா, பக்கத்திலை. ஓடிப் போட்டு வருவன்."

எங்கள் வீடு பக்கத்தில் இல்லை. குணம் அண்ணை வீட்டுக் கதவை அதற்காக அடிக்கடி தட்ட இவருக்குக் கூச்சம்.

போன புரட்டாதியில் ஒருநாள், வழக்கமாகப் பஸ்ஸில் வருபவர் நடந்து வந்தார். நேரே குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். பிறகுதான் சொன்னார்: மலசலகூடம் அந்தக் கடையின் நிலவறையில், படியில் இறங்கினால் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். காற்சட்டையை அலசி வெயிலில் போட்டேன். அடுத்த நாள் காலை பஸ் நேரம் வந்தது. அவர் கதிரையை யன்னலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் பேச்சுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. குணம் அண்ணை தொலைபேசி எடுத்தால், "குளிரா இருக்கு, பேந்து பாப்பம்" என்பார். வைகாசி மாதத்திலும் குளிர் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்சினி வந்தபோது நான் இதைச் சொன்னேன், அதுவும் சுற்றி வளைத்து.

"அம்மா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கெல்லோ? அது உங்கடை உரிமை. கேக்கத் தேவையில்லை. உள்ளுக்கை போங்கோ, வெளியிலை வாங்கோ. அவ்வளவுதான்."

"ஒண்டும் வாங்காமல் எப்பிடிப் பிள்ளை போறது?"

"அதுக்குத்தானே ஸ்டிக்கர்!"

"அந்தப் பெட்டை எத்தினை பேர் எண்டு கேக்கிறாளாம்."

"டொய்லெட்டுக்கு எண்டு சொல்லுங்கோ. இதிலை என்ன வெக்கம்?" பிறகு ஜேர்மன் மொழிக்கு மாறினாள். கோபம் வந்தால் அவள் அதற்குத்தான் மாறுவாள். அவள் வேகத்துக்கு எனக்குப் பாதிதான் விளங்கும். கடைசியில் தமிழில் ஒன்று சொன்னாள், அது முழுவதும் விளங்கியது: "உங்கடை வெக்கத்துக்கு நகரசபை என்ன செய்யும்?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் இருந்தது. பாத்திரம் கழுவும்போது எனக்குப் பதில் வந்தது, வழக்கம்போலப் பிந்தி. வெட்கப்படுகிறவர்களும் வரி கட்டித்தான் இந்த நகரத்தில் இருக்கிறோம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு நகரத்தைக் கட்டினால், அது பாதி நகரம்தான்.

5

பிரசுரம் வந்த அடுத்த கிழமை நகரசபைக் கூட்டம் இருந்தது. தொடக்கத்தில் அரை மணித்தியாலம் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். நான் போகிறேன் என்றேன். இவர் என்னைக் காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீரோ? பாண் கடையிலை பாண் கேக்கவே பின்னாலை நிக்கிற நீர்?"

கேட்க வேண்டிய வசனத்தைத் தர்சினியிடம் சொல்லி எழுதுவித்துப் பாடமாக்கினேன். அந்த விஷயத்துக்கு மரியாதையான சொல் எது என்று எனக்கு எப்போதும் சந்தேகம். வந்த புதிதில் சின்னப்பிள்ளைகள் சொல்லும் சொல்லைத் தலைமைச் சமையல்காரியிடம் சொல்லிவிட்டு, சமையலறையே சிரிக்க நின்றவள் நான்.

மண்டபம் பெரியது. மேடைக்குக் கீழே ஒரு சிறிய மேசை, ஒலிவாங்கி, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலும் குவளைகளும். தலைமை தாங்கிய அம்மா, "யாருக்குக் கேள்வி இருக்கிறது?" என்றதும் சிலர் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், தோள் அளவுக்கு. அவ என்னைத்தான் காட்டினா.

எழும்பினேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வயதானவர் கை தூக்கியபடி இருந்தார். அவர் தூக்கிக்கொண்டிருக்க நான் எப்படி முதலில் போவது? "நீங்கள் முதல்" என்று கையைக் காட்டினேன். அவர் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கலியாண வீட்டில் முதல் பந்திக்குக் கூப்பிட்டால் "நீங்கள் இருங்கோ, நான் பிறகு" என்று வயதானவர்களுக்கு விட்டுக்கொடுப்போம். விட்டுக்கொடுத்தவரை வீட்டுக்காரர் மறக்க மாட்டார். அடுத்த பந்திக்கு முதல் இலை அவருக்கு. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்துவார்கள். விட்டுக்கொடுப்பவர் பசியோடு போன கதை எங்கள் பக்கத்தில் இல்லை. நான் அந்த நம்பிக்கையில் இருந்தேன்.

சக்கர நாற்காலிக்காரர் புறாக்களைப் பற்றிக் கதைத்தார். புறாக்கள் அவர் பல்கனியில் செய்வது எல்லாவற்றையும் விவரித்தார். மற்றவர்கள் அதைப் பற்றி வெட்கமில்லாமல் கதைக்கலாம் போலும், புறா என்றால். சபையில் இரண்டு பேர் விளக்கமாகப் பதில் சொன்னார்கள். பிறகு கைக்குழந்தையோடு ஒரு தாய் எழும்பினா. குழந்தை சிணுங்கியது. நான் மறுபடி கையைக் காட்டினேன். அவ பிள்ளைகள் காப்பகத்தில் இடம் இல்லாததைப் பற்றிக் கேட்டா. நல்ல கேள்வி. நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.

தலைமை அம்மா மணிக்கூட்டைப் பார்த்தா. "கேள்வி நேரம் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவ என்னைப் பார்த்துப் புன்னகைத்து, அடுத்த முறை வரலாம் என்றா. அடுத்த முறை கோடை விடுமுறைக்குப் பிறகு. அவசரம் என்றால் எழுத்தில் தரலாம்.

இந்த நாட்டில் இரண்டாம் பந்தி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "என்ன சொன்னவை?"

"புறாவைப் பற்றிக் கதைச்சினம்" என்றேன்.

6

எழுத்தில் கொடுத்ததற்குப் பதில் வந்தது. மரியாதையான பதில். சதுக்கத்தைச் சுற்றி இத்தனை கடைகள் ஒழுங்கில் சேர்ந்திருக்கின்றன, வரைபடம் இணைத்திருக்கிறோம், இதுவரை இது தொடர்பாக முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி.

முறைப்பாடு எப்படிக் கிடைக்கும்? முறைப்பாடு செய்ய வேண்டியவர்கள் வீட்டில் யன்னலோரம் இருக்கிறார்கள். சதுக்கத்தில் இருப்பவர்களிடம் போய்ச் சதுக்கம் எப்படி என்று கேட்டால் நல்லது என்றுதானே சொல்வார்கள்? வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு கடை திங்கட்கிழமை பூட்டு. ஒன்று மத்தியானம்தான் திறக்கும். ஞாயிறு காலையில் ஒன்றுமே இல்லை. எனக்கு வந்த எரிச்சலில் கோப்பாயில் இருக்கும் தங்கச்சி சாந்திக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன்.

"என்னக்கா, உங்கையும் கக்கூஸ் பிரச்சினையோ? நான் நினைச்சன் உங்கை தங்கத்திலை கட்டி வைச்சிருக்கினம் எண்டு."

"இருந்ததை உடைச்சுப்போட்டு மரம் நட்டிருக்கினம்."

"மரம் நட்டிருந்தால் அத்தானுக்கு என்ன குறை? மரத்துக்குப் பின்னாலை போகச் சொல்லுங்கோ." அவள் சிரித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. "இஞ்சையும் ஒரு சந்தையடியிலை புதுசாக் கட்டினவை. றிபன் வெட்டி, மாலை போட்டு, படம் எடுத்தவை. பேந்து பூட்டிப்போட்டினம். பூட்டின்ரை திறப்பு ஆரோ ஒருத்தனிட்டையாம். அவன் எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப சந்தைக்குப் போனால் என்ன செய்யிறனி?"

"என்ன செய்யிறது? தண்ணி குடிக்கிறேல்லை. இது என்ன புதுக் கதையே?"

அவள் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

ஏனென்றால் அந்த நாட்களில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஒருநாள் காலை இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "இஞ்சேரப்பா, நான் ஒருக்காச் சதுக்கத்துக்குப் போட்டு வாறன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மத்தியானம் வந்தார், ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். அடுத்த நாளும் போனார். எப்படி என்று கேட்டதற்கு, "பழகிட்டுது" என்றார். குணம் அண்ணை தொலைபேசியில் சத்தமாக, "உம்மடை மனுசன் மோட்சம் அடைஞ்சிட்டார் தங்கச்சி" என்றார். நான் சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். நகரசபையோடு இருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

சதுக்கத்தின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம்; குணம் அண்ணை வாங்கில் இடம் பிடித்து வைத்திருந்தார். தர்சினியும் வந்தாள். சரியான வெயில். வாத்தியக் குழு, பலூன்கள், நகரபிதாவின் பேச்சு. எல்லோருக்கும் இலவசமாகத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள். தர்சினி அப்பாவுக்கு ஒரு குவளை கொண்டுவந்தாள். அவர் கையில் வாங்கி, வாங்குக்குக் கீழே வைத்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தட்டவில்லை. வாத்தியம் முழங்கிக்கொண்டிருக்கும்போது அவர் மெல்லக் குணம் அண்ணையின் தோளில் சாய்ந்தார். பகிடி விடுகிறார் என்று நினைத்து குணம் அண்ணை, "டேய், எழும்படா" என்றார். எழும்பவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. பத்தடி தள்ளி நிலத்திலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

டொக்டர் சொன்னது எளிமையானது. உடம்பில் தண்ணீர் இல்லை. இருதயக்காரருக்கு, சீனி வருத்தக்காரருக்கு இது விளையாட்டில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும். மெதுவாகச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"காலமை தண்ணி குடிக்கேல்லையோ?"

அவர் சேலைன் போத்தலைப் பார்த்தார்.

"தேத்தண்ணி வைச்சுத் தந்தனான். குடிக்கேல்லையோ?"

"குசினித் தொட்டிக்கை ஊத்திப் போடுவன்" என்றார். "ஒண்டும் குடிக்காமல் போனால் மத்தியானம் மட்டும் தாக்குப் பிடிக்கும். தண்ணிக் குளிசையைப் பின்னேரம் வந்து போடுறன்."

"உதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

அவர் என்னைப் பார்த்தார். "நீர்தானே சொன்னனீர். பட்டணம் போற அண்டைக்கு நீங்கள் அப்பிடித்தானே செய்யிறனீங்கள்."

தர்சினி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "என்ன அம்மா அது? பட்டணம் போறது எண்டால் என்ன?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. நான் அவளுக்குச் சொன்னதேயில்லை. அவளுக்குத் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். ஆசுப்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னேன், சர்பத், மதில் எல்லாவற்றையும். அவள் ஸ்டிக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த கூட்டம் எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

7

செப்டெம்பர்க் கூட்டத்துக்கு இவரும் வந்தார். எங்கே கூப்பிட்டாலும் அவர் கேட்கும் கேள்வியை அன்றும் கேட்டார்: "அங்கை கக்கூஸ் இருக்குதோ?" தர்சினி, "நகரசபை அப்பா. கட்டாயம் இருக்கும்" என்றாள்.

கை தூக்கினேன், இந்த முறை முழுக்கை. அதே சக்கர நாற்காலிக்காரர் எனக்குப் பக்கத்தில். அவரும் கை தூக்கி, என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். போன முறையை நினைத்திருப்பார். தலைமை அம்மா என்னைக் காட்டினா. நான் அவர் பக்கம் திரும்பாமல் நடந்தேன். முதுகு கூசியது. ஒருவருடைய இலையைப் பறித்துக்கொண்டு போவதுபோல இருந்தது. ஆனாலும் நடந்தேன்.

பாடமாக்கிய வசனம் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஜேர்மனில், பிழையோடு, இப்படிச் சொன்னேன்:

"நீங்கள் போட்ட வாங்கு நல்ல வாங்கு. மரமும் நல்லது. என் கணவருக்கு அந்த வாங்கில் இருக்க விருப்பம். அங்கே போவதற்கு இடம் இல்லாதபடியால், இருப்பதற்காக அவர் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். உங்கள் பிறந்தநாள் விழாவில் விழுந்தவர் அவர்தான். கடைக்குள் போகலாம் என்று எழுதினீர்கள். அவர் வெட்கப்படுவார். நானும் வெட்கப்படுவேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்படுகிறவர்களுக்கு நீங்கள் என்ன கட்டியிருக்கிறீர்கள்?"

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு இன்னும் சிலர். ஒரு உறுப்பினர் எழும்பி, கடைகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது என்றார். "ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டேன். அவர் தாள்களைப் புரட்டினார். இன்னொருவர், புதிய கட்டடம் சதுக்கத்தின் பார்வையைக் கெடுக்கும் என்று அப்போதே நிபுணர்கள் சொன்னார்கள் என்றார். தலைமை அம்மா, இது முக்கியமான விஷயம், உரிய குழுவுக்கு அனுப்பப்படும், அடுத்த வருடத் திட்டத்தில் ஆராயப்படும் என்றா. நன்றி சொன்னா. நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஊரில் கட்டிவிட்டுப் பூட்டுகிறார்கள். இங்கே உடைத்துவிட்டு ஆராய்கிறார்கள். திறப்பு எப்போதும் வேறு யாரிடமோதான்.

திரும்பி வந்து இருந்தபோது இவரைக் காணவில்லை. தர்சினி கண்ணால் வெளியே தாழ்வாரத்தைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் வந்தார், முகத்தில் தெளிவு. வரும் வழியில் பின்மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குவளையில் ஊற்றிக் குடித்தார். இன்னொன்றும் ஊற்றிக் குடித்தார். ஆசுப்பத்திரியை விட்டால், ஒரு வருடமாக வீட்டுக்கு வெளியே அவர் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை.

"இஞ்சேரப்பா," என்று என் காதுக்குள் சொன்னார், "மாதா மாதம் உந்தக் கூட்டத்துக்கு வருவம். என்ன வடிவான கக்கூஸ்! கையைக் காட்டத் தண்ணி வருது."

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பஸ் எடுக்கச் சதுக்கத்தால்தான் போகவேண்டும். பின்னேர வெயில் மரங்களுக்கு ஊடாக வந்துகொண்டிருந்தது. குணம் அண்ணையும் இவரும் இருக்கும் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. நான், "கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவமோ?" என்று கேட்டேன். இவர் வாங்கைப் பார்த்தார். நிழலைப் பார்த்தார். இருக்க ஆசை என்பது முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம்," என்றார். "கெதியா நடவும். ரெண்டு குவளை குடிச்சிட்டன்."